கொசுக்கடின்னு நினைச்ச சிவப்புப் பொட்டு

பாப்பா பொறந்தது 2021 பிப்ரவரி, 34 வாரத்துலயே பொறந்துட்டா, எடை 1.9 கிலோ. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்து அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும், இடது கண் மேல் இமைல குண்டூசி முனை அளவு ஒரு சிவப்புப் பொட்டு. கொசு கடிச்சிருக்குன்னு நான் கொசுவலையைத் தைக்க உக்காந்துட்டேன். அத்தை (என் மாமியார்) பாத்துட்டு, "நீ மாசமா இருந்தப்போ கிரகணத்தன்னிக்கு வெளிய போனியே, அதான்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. எந்த கிரகணம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அடுத்த ரெண்டு வாரத்துல அந்தப் பொட்டு மிளகு ஆச்சு, அப்புறம் சுண்டக்காய் ஆச்சு. நல்ல ரத்தச் சிவப்பு, தொட்டா ரப்பர் மாதிரி. பக்கத்துல இருக்கற குழந்தை டாக்டர்கிட்ட காட்டினோம், கொரோனா நேரம், அவரு தள்ளி நின்னே டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "ரத்தக்கட்டி, ஹெமாஞ்சியோமாம்பாங்க, பயப்படாதீங்க, ஸ்கூல் போறதுக்குள்ள தானா போயிடும்"னாரு. அவரு சொன்னது பொய் இல்ல, அதை இப்பவும் சொல்றேன். பெரும்பாலான ஹெமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய் செல்லுங்க பெருகி வளர்ற கட்டி, தானா சுருங்கிடும்தான். ஆனா அது எங்க இருக்குங்கற கேள்வியை அவரும் கேக்கல, எங்களுக்கும் கேக்கத் தெரியல. முதுகுல இருந்தா காத்திருக்கலாம், கண் இமைல இருந்தா காத்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாம எங்களுக்கு ஆறு வாரம் போச்சு.

பதினோராவது வாரத்துல இமை பாதி இறங்கிடுச்சு. பாப்பா தலையைப் பின்னாடி சாய்ச்சுத்தான் மூஞ்சியைப் பாப்பா. வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு ஒருத்தரு சொல்லி, லாக்டவுன் நடுவுல போலீஸ்கிட்ட ரெண்டு எடத்துல விளக்கம் சொல்லி, ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க இருந்த சின்ன வயசு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "எத்தனை நாளா கண்ணு முழுசா தொறக்கல?". அப்புறம் உக்காரவச்சு பொறுமையா சொன்னாங்க. இந்த வயசுல கண்ணு பாக்கப் பாக்கத்தான் மூளை பார்வையைக் கத்துக்குது, ஒரு கண்ணை மூடியே வச்சா மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிடும், அதைத்தான் சோம்பேறிக் கண்ணுங்கறது. கட்டி பின்னால என்னிக்கோ சுருங்கி இமை அழகா ஆனாலும் பார்வை திரும்ப வரும்னு சொல்ல முடியாது. கண்ணை முழுசா மூடலைன்னாலும்கூட கட்டி கருவிழியை அழுத்தி அதோட வளைவை மாத்திடும், பாப்பாவுக்கு அதுவும் ஆரம்பிச்சிருந்துச்சு, அஸ்டிக்மாட்டிசம்னு எழுதினாங்க. அன்னிக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க.

அந்தப் பெரிய டாக்டர் முதல்ல பாப்பாவைத் தொடவே இல்ல, என் ஃபோனை வாங்கினாரு. பொறந்த அன்னிக்கு எடுத்த ஃபோட்டோ, பத்தாம் நாள், இருபதாம் நாள், ஒரு மாசம்னு ஒண்ணு ஒண்ணா தள்ளிப் பாத்தாரு. பொறந்தப்போ ஒண்ணும் இல்ல, அப்புறம் வந்துச்சு, வேகமா வளந்துச்சு. "இதான் எனக்கு வேணும்"னாரு. வளர்ச்சி எந்த வாரத்துல அதிகம்னு அப்பா அம்மா எடுத்த ஃபோட்டோக்களை வச்சே அமெரிக்கால ஒரு ஆராய்ச்சி பண்ணி 2012-ல போட்டாங்களாம். அதுல தெரிஞ்சது, ஹெமாஞ்சியோமா ரொம்ப வேகமா வளர்றது கிட்டத்தட்ட அஞ்சரை வாரத்துல இருந்து ஏழரை வாரத்துக்குள்ள. எந்த வாரம் நாங்க தானா போயிடும்னு உக்காந்திருந்தோமோ சரியா அந்த வாரம். அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கம் 2019-ல போட்ட வழிகாட்டுதல்ல, ஆபத்தான எடத்துல இருக்கற ஹெமாஞ்சியோமான்னா ஒரு மாச வயசுக்குள்ளயே அனுபவம் உள்ளவங்ககிட்ட காட்டிடணும்னு இருக்கு. நாங்க மூணாவது மாசம் முடியப்போற நேரத்துல போய் நிக்கிறோம்.

அதனால ஃபோட்டோ எடுங்க. வாரம் ஒருக்கா, ஒரே எடத்துல, பகல் வெளிச்சத்துல, பக்கத்துல ஒரு ரூபா காயின் வச்சு. அழும்போது ஒண்ணு, தூங்கும்போது ஒண்ணு. இந்த காயின் ஐடியா எனக்கு வெயிட்டிங் ஹால்ல பழக்கமான ஒரு அக்கா சொல்லிக்குடுத்தது. அவங்க கதையை சொல்லணும்.

அவங்க பையனுக்கு அப்போ ஆறு வயசு. கன்னத்துல நீலமா ஒரு வீக்கம், பொறந்ததுல இருந்தே லேசா இருந்துச்சாம், குனிஞ்சாலோ அழுதாலோ பொங்கி வரும், அமுக்கினா அமுங்கும். ஊர்ல அதுக்கும் "ஹெமாஞ்சியோமா"ன்னுதான் சீட்டுல எழுதியிருக்காங்க. எட்டு மாசம் அதுக்கான மாத்திரையும் குடுத்திருக்காங்க, துளி மாத்தம் இல்ல. கடைசியில டாப்ளர், எம்ஆர்ஐ எல்லாம் எடுத்துப் பாத்தா அது ஹெமாஞ்சியோமாவே இல்ல, வீனஸ் மால்ஃபார்மேஷன், அதாவது சிரை ரத்தக்குழாய்களே உருவாகும்போது தப்பா உருவானது. அது வளர்ற கட்டி இல்ல, அதனால கட்டியோட வளர்ச்சியை நிறுத்தற மருந்து அதுக்கு வேலை செய்யாது, தானா சுருங்கவும் சுருங்காது. பையன் வளர வளர அதுவும் கூடவே வரும்.

இந்த வித்தியாசத்தை முதல்ல தெளிவா பிரிச்சு சொன்னது 1982-ல முல்லிக்கன், க்ளோவாக்கின்னு பாஸ்டன்ல ரெண்டு பேரு. அதுக்கு முன்னாடி சிவப்பா நீலமா எது புடைச்சிருந்தாலும் எல்லாத்துக்கும் ஒரே பேரு. செல்லு பெருகி வளர்றது ஒரு ரகம், குழாயோட அமைப்பே கோளாறா இருக்கறது இன்னொரு ரகம்னு அவங்க பிரிச்சதுக்கு அப்புறம்தான் எதுக்கு எந்த மருந்துன்னு யோசிக்கவே வழி பொறந்துச்சு. 2000 வாக்குல ஒரு அடையாளம் கண்டுபிடிச்சாங்க, குளுட்-1னு ஒரு புரதம் குழந்தை ஹெமாஞ்சியோமால இருக்கும், மால்ஃபார்மேஷன்ல இருக்காது. அதே குளுட்-1 நஞ்சுக்கொடியோட ரத்தக்குழாய்லயும் இருக்காம். அத்தைகிட்ட சொன்னேன், "பாத்தியா, வயித்துக்குள்ள இருந்தே வந்ததுன்னு நான் சொன்னேன்ல"ன்னு கிரகணத்துக்கு இதையும் சாட்சியா சேத்துக்கிட்டாங்க.

அந்தப் பையனுக்கு ஸ்க்ளிரோதெரபி பண்ணினாங்க. மயக்கம் குடுத்து, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே அந்தக் குழாய்க்குள்ள மருந்தை ஊசியா ஏத்தி உள்சுவரைப் புண்ணாக்கி ஒட்ட வைக்கறது. ஒரே தடவையில முடியாது, மூணு தடவை அப்பவே ஆகியிருந்துச்சு. முதல் ஊசிக்கப்புறம் கன்னம் ரெண்டு மடங்கு வீங்கும்னு யாரும் முன்னாடி சொல்லாததால அந்த அக்கா ராத்திரி முழுக்க அழுதாங்களாம். வீங்கும், அது எதிர்பார்த்ததுதான், ஆனா மூச்சு விட சிரமமோ தோல் கறுத்துப் போறதோ இருந்தா உடனே ஓடணும். அதை டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

சரி, எங்க மருந்துக்கு வர்றேன். டாக்டர் எழுதினது ப்ரோப்ரனலால். சீட்டைப் பாத்ததும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அத்தை கை நடுக்கத்துக்கு தினம் போடற மாத்திரை அது. 1960-கள்ல ஜேம்ஸ் பிளாக் நெஞ்சுவலிக்காகக் கண்டுபிடிச்சது, அவருக்கு 1988-ல நோபல் குடுத்தாங்க. மூணு மாசக் கொழந்தைக்கு இதய மாத்திரையான்னு கேட்டேன். டாக்டர் அப்போதான் அந்த போர்டோ கதையை சொன்னாரு. பிரான்ஸ்ல போர்டோங்கற ஊர்ல ஒரு குழந்தைக்கு மூக்குல ஹெமாஞ்சியோமா, அந்தக் காலத்து வழக்கப்படி ஸ்டெராய்டு குடுத்திருக்காங்க, அதுல இதயத் தசை தடிச்சுப் போச்சு. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் ஆரம்பிச்சாங்க. மறுநாளே மூக்குல இருந்த கட்டி அடர் சிவப்புல இருந்து ஊதாவுக்கு மாறி மெத்துன்னு ஆயிடுச்சு. யாரும் எதிர்பாக்கல. கிறிஸ்டின் லெயோத்தே-லாப்ரேஸ்ங்கற தோல் டாக்டரும் அவங்க குழுவும் இதை கவனிச்சு, மத்த குழந்தைங்களுக்கும் குடுத்துப் பாத்து, மொத்தம் 11 குழந்தைங்க விவரத்தை 2008-ல வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஸ்டெராய்டு, அதுக்கும் அடங்கலைன்னா இன்டர்ஃபெரான் ஊசி, அதுல சில குழந்தைங்களுக்கு கால் தசை இறுகி நடக்கவே முடியாம போயிருக்கு. அதைக் கேட்டப்புறம் இதய மாத்திரை எனக்கு அவ்ளோ பயமா தெரியல.

நம்பிக்கை வந்தது ஒரு குழந்தை கதையால இல்ல, 2015-ல வந்த பெரிய ஆராய்ச்சியால. 460 குழந்தைங்க, குலுக்கல் முறையில பிரிச்சு சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் டம்மி. ஒரு நாளைக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்குல ஆறு மாசம் குடுத்த குழுவுல நூத்துக்கு 60 பேருக்கு கட்டி முழுசாவோ கிட்டத்தட்ட முழுசாவோ போயிடுச்சு. டம்மி குடுத்தவங்கள்ல 4 பேருக்குத்தான். "தானா போயிடும்"ங்கறதுக்கு அந்த ஆறு மாசத்துல கிடைச்ச மதிப்பு நூத்துக்கு 4. எனக்கு இந்த ஒரு நம்பர் போதும்னு இருந்துச்சு.

பாப்பா குறைப்பிரசவம், எடையும் கம்மிங்கறதால ரெண்டு நாள் அட்மிட் பண்ணி ஆரம்பிச்சாங்க. முதல்ல ஈசிஜி, எக்கோ. முதல் டோஸ் குடுத்துட்டு ஒரு மணி நேரம் கழிச்சும் ரெண்டு மணி நேரம் கழிச்சும் நாடித் துடிப்பு, பிபி பாத்தாங்க. குட்டி அளவுல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தினாங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம் லைட்டை அணைக்கப் போனப்போ பாத்தேன், அந்த ரத்தச் சிவப்பு இல்ல, நாவப்பழம் கலரு. நான் கத்தினதுல பக்கத்து பெட்டுக்காரங்க என்னமோ ஆயிடுச்சுன்னு எழுந்து வந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்ததுக்கப்புறம்தான் உண்மையான வேலை. எங்களுக்கு சிரப்பா கிடைக்கல, 10 மில்லிகிராம் மாத்திரையைப் பொடிச்சு 10 மில்லி தண்ணியில கரைச்சு, அதுல அவ எடைக்கு எவ்ளோவோ அதை சிரிஞ்ச்ல எடுத்துக் குடுக்கணும், மிச்சத்தைக் கொட்டிடணும். எங்க அளவை நான் இங்க போடல, யாரும் அடுத்த குழந்தை அளவைக் கேட்டுக் குடுக்காதீங்க, எடை ஏற ஏற மாறும். பாலாடையோ ஸ்பூனோ வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்ச் மட்டும். துப்பிட்டா திரும்பக் குடுக்கக் கூடாது, எவ்ளோ உள்ள போச்சுன்னு நமக்குத் தெரியாதில்ல. ரெண்டு டோஸுக்கு நடுவுல ஒம்போது மணி நேரமாவது இருக்கணும். இன்னொண்ணு, எங்க வீட்டுல ஒரே டப்பாவுல அத்தையோட 40 மில்லிகிராம் ஸ்ட்ரிப்பும் பாப்பாவோட 10 மில்லிகிராம் ஸ்ட்ரிப்பும் கிடந்துச்சு, ரெண்டும் பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒரு நாள் கரண்ட் இல்லாதப்போ நான் தப்பானதைக் கையில எடுத்துட்டேன், பொடிக்கறதுக்கு முன்னாடி கவனிச்சது கடவுள் புண்ணியம். அன்னிக்கே பாப்பா மருந்து தனி டப்பா, சிவப்பு மூடி, சாமி அலமாரிக்கு மேல போயிடுச்சு.

நான் பண்ணின பெரிய தப்பு இது இல்ல. அஞ்சாவது மாசத்துல ஒரு நாள் பாப்பாவுக்கு வயித்தால போச்சு, ராத்திரி சரியா பால் குடிக்கல. காலைல ஏழு மணி ஆனதும் பழக்கதோஷத்துல டோஸ் குடுத்துட்டேன், பத்து மாத்திரை சாப்பிடற வீட்டுல ஒரு வேளை மருந்து தவறக்கூடாதுன்னுதானே வளந்திருக்கோம். ஒம்போது மணிக்கு எழுப்பினா துவண்டு துவண்டு விழறா, கை கால் ஜில்லுன்னு, நெத்தி நனைஞ்சு போயிருக்கு. ஆட்டோ புடிச்சு ஓடினோம், சுகர் பாத்தா 42. குளுக்கோஸ் ஏத்தினதும் இருபது நிமிஷத்துல முழிச்சு என்னைப் பாத்து சிரிக்கிறா, எனக்கு நிக்க முடியல. இந்த மருந்து உடம்புல சுகரை இறக்கிடும், வெறும் வயித்துல ரொம்ப சீக்கிரம். சுகர் இறங்கும்போது வர்ற நடுக்கம், படபடப்பை இந்த மருந்தே மறைச்சுடும். வேர்வையை மட்டும் மறைக்காது. அந்த நனைஞ்ச நெத்திதான் எங்களைக் காப்பாத்துச்சு. இதெல்லாம் டிஸ்சார்ஜ் அட்டையில எழுதித்தான் இருந்துச்சு, நான் படிச்சுட்டு மறந்துட்டேன். பால் குடிச்சதுக்கப்புறம்தான் மருந்து, குடிக்கலைன்னாலோ வாந்தின்னாலோ அந்த வேளை மருந்து வேண்டாம், ராத்திரி ரொம்ப நேரம் பட்டினியா தூங்க விடக்கூடாது. இளைப்பு, வீசிங் வந்தாலும் நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும். இதை பெருசா எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன், அத்தைக்கும் படிச்சுக் காட்டினேன், ஏன்னா நான் வேலைக்குப் போனா குடுக்கறது அவங்கதான்.

மத்தபடி பெரிய தொல்லை இல்ல. கை பாதம் ஜில்லுன்னு இருக்கும், ராத்திரி தூக்கம் கொஞ்சம் கெடும், சாயங்கால டோஸை முன்னாடி தள்ளினதும் பரவால்ல ஆச்சு. மாத்திரை செலவு மாசம் நூறு ரூபாகூட வரல, பஸ் செலவுதான் அதிகம்.

இன்னொரு பக்கம் கண்ணுக்கு பேட்ச். கட்டி இருக்கற கண்ணை இல்ல, நல்ல கண்ணை மூடணும், அப்போதான் சோம்பேறிக் கண்ணு வேலை பாக்கும். தினம் ரெண்டு மணி நேரம். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் "தப்பான கண்ணுல ஒட்டியிருக்கீங்க"ன்னு சொல்லுவாங்க, ஒருத்தரு பிச்சே எடுத்துட்டாரு. பாப்பா பிச்சு எறியாம இருக்க கைல சாக்ஸ் மாட்டிவிட்டேன், குளிக்க வைக்கறதுக்கு முன்னாடி ஒட்டி தண்ணியில விளையாட விட்டேன், அதுதான் எங்களுக்கு வேலை செஞ்சுது.

ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால்ல உக்காந்து உக்காந்து எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, இந்த ரத்தக்குழாய் கோளாறுகளுக்கு வர்ற மருந்து முக்கால்வாசி வேற எதுக்கோ கண்டுபிடிச்சதுதான். எங்களோட வர்ற ஒரு குட்டிப் பையனுக்கு கழுத்து முழுக்க நிணநீர்க் குழாய் வீக்கம், அவனுக்கு சிரோலிமஸ் போகுது. ராபா நுயிங்கற ஈஸ்டர் தீவு மண்ணுல இருந்த பாக்டீரியால இருந்து வந்தது, கிட்னி மாத்தினவங்களுக்குக் குடுக்கற மருந்து. அதுக்கு அடிக்கடி ரத்தத்துல மருந்து அளவு பாக்கணும், வாய்ப்புண் வரும், காய்ச்சல் வந்தா சும்மா இருக்கக்கூடாது, தடுப்பூசி போடறதுக்கு முன்னாடி கேக்கணும். அந்த மாதிரி நிணநீர் வீக்கம் நிறைய பேருக்கு பிக்-த்ரீ-சிஏங்கற ஜீன்ல, கருவுல ஏதோ ஒரு செல்லுல நடந்த மாத்தத்தால வருதுன்னு இப்போ தெரியும். வம்சத்துல வர்றது இல்ல, அம்மா சாப்பிட்டதாலயும் இல்ல, அந்தம்மாகிட்ட டாக்டர் இதை சொன்னப்போ நான் பக்கத்துல இருந்தேன், அவங்க முகத்தைப் பாக்கணுமே. அதே ஜீன் கோளாறால உடம்பு ஒரு பக்கம் பெருத்து வளர்றவங்களுக்கு, மார்பகப் புற்றுநோய்க்காக உருவாக்கின அல்பெலிசிப்னு ஒரு மருந்தை பாரிஸ்ல கனோங்கற டாக்டர் 19 பேருக்குக் குடுத்துப் பாத்து 2018-ல வெளியிட்டாரு, 2022-ல அமெரிக்கால ரெண்டு வயசுக்கு மேல அனுமதி குடுத்தாங்க. எங்க மாத்திரை மாதிரி அது டீ செலவுல முடியற விஷயம் இல்லங்கறதுதான் கொடுமை.

எங்க மாத்திரையையே இன்னும் நோண்டிக்கிட்டுதான் இருக்காங்க. ப்ரோப்ரனலால்ல இடது கை வலது கை மாதிரி ரெண்டு கண்ணாடி உருவம் கலந்திருக்காம். ஒண்ணுதான் இதயத் துடிப்பைக் குறைக்குது. இன்னொண்ணு இதயத்தைப் பெருசா தொடறதில்ல, ஆனா லேப்ல அதுதான் சாக்ஸ்-18ங்கற புரதத்தைப் புடிச்சு கட்டியோட ரத்தக்குழாய் உருவாகறதைத் தடுக்குது. அது தனியா மருந்தா வந்தா அந்த 42 மாதிரி ஒரு காலைப்பொழுது வேற யாருக்கும் வராம போகலாம். இன்னிக்கு அது குழந்தைங்களுக்கான மருந்து இல்ல, கடையில போய்க் கேட்டுடாதீங்க.

பதினாலாவது மாசம் மெல்லக் குறைச்சு நிறுத்தினோம். மூணாவது வாரம் திரும்ப லேசா சிவந்து புடைச்சுது. நான் உடைஞ்சே போயிட்டேன், ஆனா டாக்டர் அசரல, அந்தப் பெரிய ஆராய்ச்சியிலயே குணமான குழந்தைங்கள்ல பத்துல ஒருத்தருக்கு திரும்ப மருந்து தேவைப்பட்டுச்சுன்னாரு. இன்னும் மூணு மாசம் குடுத்தோம், அதோட சரி.

இப்போ பாப்பாவுக்கு நாலு வயசு தாண்டிடுச்சு. இமைல உத்துப் பாத்தா தோல் கொஞ்சம் சுருங்கி, ரெண்டு மெல்லிசு சிவப்புக் கோடு. கண்ணாடி போடறா, கண் டெஸ்ட் போர்டுல இடது கண்ணுக்கு ஒரு வரி இன்னும் கம்மிதான், அந்த ஆறு வாரத்தோட கணக்கு அதுன்னு நான் நினைச்சுக்குவேன், டாக்டர் அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்கறாரு. போன தடவை செக்கப்ல வலது கண்ணை மூடிக்கிட்டு போர்டுல இருக்கற படத்தை சொல்லச் சொன்னாங்க. வீடு, ஆப்பிள், குடைன்னு கடகடன்னு கடைசி வரி வரைக்கும் சொல்லிட்டா. எனக்கு ஒரே சந்தோஷம். அந்த டெக்னீஷியன் அண்ணன் சிரிச்சுக்கிட்டே "கை விரலுக்கு நடுவுல வலது கண்ணு பாக்குது பாருங்க"ன்னு அவ கையை எடுத்துட்டு கறுப்பு அட்டையை வச்சு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு.